மூன்றாவது மால்

ஒன்பதாம் வகுப்பில் அவளை எல்லாரும் வக்கீல் என்றுதான் கூப்பிடுவார்கள். வினாத்தாளில் தப்பு இருக்கிறது என்று தேர்வு அறையிலேயே எழுந்து நின்று வாதாடியவள். பள்ளியிலிருந்து வெளிநாட்டுச் சுற்றுலாவுக்கு வந்த இருபத்தாறு பேரில் பாலைவனத்துக்காகவே வந்தவள் அவள் ஒருத்திதான். மற்றவர்களுக்கு விமானத்தில் ஏறியதே போதும்.

மூன்றாம் நாள் பாலைவனம் என்று அட்டவணையில் இருந்தது. மணலில் தடம் பார்ப்பது எப்படி, எந்தச் செடியின் வேர் எவ்வளவு ஆழம் போகும் என்று உயிரியல் சார் ஆளுக்கு நாலு தாள் எழுதிக் கொடுத்திருந்தார். கண்ணாடிக் கட்டடங்களையும், சாலை நடுவே குழாய்த் தண்ணீரில் உயிர் பிடித்து நின்ற மரக்கன்றுகளையும் தாண்டிப் போன பேருந்து, ஒரு பெரிய மாலின் வாசலில் நின்றது.

வழிகாட்டி மைக்கைப் பிடித்தார். "பாலைவனத்துல காத்து பலமா இருக்காம் பிள்ளைங்களா. அதனால இன்னைக்கு ஷாப்பிங். ஜாலியா சுத்திட்டு வாங்க."

வந்த மூன்று நாளில் இது மூன்றாவது மால். வாசல் கம்பங்களில் கொடித்துணிகள் அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தன. வக்கீல் நேரே ஓட்டுநரிடம் போனாள். அவர் தமிழ்க்காரர்.

"அண்ணா, அங்க நிஜமாவே காத்து அடிக்குதா?"

ஓட்டுநர் வழிகாட்டியை ஓரக்கண்ணால் பார்த்தார். "எனக்கு வண்டி ஓட்டத்தான்மா தெரியும்" என்று உரக்கச் சொல்லிவிட்டு, "காத்தும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்று முணுமுணுத்தார்.

அவள் தன் இடத்துக்குத் திரும்பி பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். "நான் இறங்கல."

காலிப் பையோடு படியில் நின்ற துணைத் தலைமையாசிரியை திரும்பினார். "என்ன திமிரு! இறங்குடி."

"அட்டவணைல பாலைவனம்னு இருக்கு மிஸ். மால் நம்ம ஊர்லயே இருக்கு."

பக்கத்து இருக்கையில் இருந்தவளுக்குக் குண்டூசி என்று பட்டப்பெயர். வாங்க வேண்டிய சாமான்களை விமானத்திலேயே பட்டியல் போட்டவள். அவளும் பெல்ட்டை மாட்டினாள். "எனக்கு மால்தான் மிஸ் பிடிக்கும். ஆனா பொய் சொல்லிக் கூட்டிட்டுப் போனா பிடிக்காது."

பின்வரிசை வரைக்கும் க்ளிக், க்ளிக் என்று சத்தம். இரண்டு பேர் மட்டும் இறங்கினார்கள். அதுவும் கழிப்பறைக்கு.

"ஊருக்குப் போனதும் டி.சி.யக் கையில குடுத்துடுவேன்!"

"குடுங்க மிஸ். பாலைவனம் பாக்கணும்னு கேட்டதுதான் காரணம்னு அதுலயே எழுதிடுங்க."

"சார், நீங்களாவது சொல்லுங்க!"

உயிரியல் சார் குரல் உயர்த்தி யாரும் கேட்டதில்லை. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "நானும் இறங்கல மேடம்."

நாற்பது நிமிடம் யாரும் அசையவில்லை. வழிகாட்டி நாலைந்து முறை போன் பேசினார். கடைசியில் பேருந்து பாலைவனத்துப் பக்கம் திரும்பியது.

உச்சி வெயிலில் ஒரே ஒரு மணி நேரம் கிடைத்தது. மணல் செருப்பைத் தாண்டிச் சுட்டது. ஒரு முள்புதர் அடியில் விரல் நீளப் பல்லி ஒன்று, சூடு தாங்காமல் ஒவ்வொரு காலாகத் தூக்கித் தூக்கி வைத்தது. இருபத்தாறு பேரும் மூச்சு விடாமல் நின்றார்கள். குண்டூசி அந்தப் பல்லியைப் பதினெட்டு படம் எடுத்தாள்.

ஊர் திரும்பியதும் வக்கீலை மட்டும், மன்னிப்புக் கடிதம் எழுதும்வரை வகுப்புக்கு வெளியே நிற்கச் சொன்னார்கள்.

"எழுதிக் குடுத்துட்டுப் போயேன்டி" என்றாள் அம்மா.

"தப்பு பண்ணியிருந்தா எழுதலாம்மா."

இரண்டு நாள் வராந்தாவில் நின்றபடியே பாடம் எழுதினாள். மூன்றாம் நாள் துணைத் தலைமையாசிரியையே வந்தார்.

"உள்ள போ."

"கடிதம் எழுதலையே மிஸ்?"

"போன்னு சொல்றேன்ல."

நோட்டை மூடிக்கொண்டு, தலை குனியாமல் உள்ளே போனாள்.