தூக்கிவிட ஆள்

மணல் நிரப்பிய சாக்கைத் தரையிலிருந்து எடுக்கச் சொன்னாள் ரெஜினா. முருகேஸ்வரி பக்கத்தில் போய்க் குனிந்து அதன் ஒரு மூலையைப் பிடித்தாள். பிடித்தபடியே நின்றாள்.

"எடுங்கக்கா."

"அந்தப் பக்கம் யாராச்சும் பிடிங்க டீச்சர்."

ஹாலில் இருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். பள்ளி விடுதியில் சமையல் செய்யும் சூசையம்மாளுக்குச் சிரித்துச் சிரித்து இருமலே வந்தது.

"ஏம்மா போளூரு, இத்துனூண்டு மணலுக்கு ரெண்டு ஆளா? பூண்டு மூட்டையத் தலையில வச்சுக்கிட்டு மேடு ஏறுறவதானே நீ?"

ஏறுவாள். அதில் சந்தேகமில்லை. ஆனால் மலைமேல் இருக்கிற அவள் ஊர் போளூரில் எவளும் தன் சுமையைத் தானே தலையில் ஏற்றிக்கொள்வதில்லை. எதிரே ஒருத்தி வந்து நிற்பாள். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்குவார்கள். மூட்டை மார்புயரம் வந்ததும் சுமக்கிறவள் சட்டென்று தலையைத் தாழ்த்தி அதன் அடியில் நுழைந்து நிமிர்வாள். சண்டை போட்டுப் பேச்சு நின்றுபோனவள்கூடத் தூக்கிவிடக் கூப்பிட்டால் வந்துவிடுவாள். தரையில் கிடப்பதை ஒற்றை ஆளாக எடுக்க முருகேஸ்வரிக்கு இதுவரை அவசியம் வந்ததில்லை.

இப்போது வந்திருந்தது. அவள் புருஷன் மலைச்சாமி பேரிக்காய் பறிக்கும்போது மரத்திலிருந்து விழுந்தவன். இடுப்புக்குக் கீழே உணர்வு கிடையாது. கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து கட்டிலுக்கும் அவனுடைய அண்ணன் வேலுமணிதான் தூக்கி வைத்தார். அவரும் பூண்டு அறுவடை முடிந்தால் மகனோடு திருப்பூர் போகிறார்.

"ஏலே மலை, கோவிச்சுக்காத," என்று அவர்தான் சொன்னார். "வத்தலக்குண்டுக்கு அங்கிட்டு சிஸ்டர்மாருங்க நடக்க முடியாதவங்களுக்கு ஒரு இல்லம் நடத்துறாங்க. பேசி வச்சிருக்கேன். இங்க உன்னையத் தூக்க யாரு இருக்கா?"

"நான் இருக்கேன் மச்சான்," என்றாள் முருகேஸ்வரி.

வேலுமணி தம்பியின் நீளத்தைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

அதற்குப் பிறகுதான் இந்த ஹால். ரெஜினா முன்பு பள்ளியில் விளையாட்டு டீச்சராக இருந்தவள். ஞாயிறு மதியம் மாதா கோயில் ஹாலில் பெண்களுக்கு உடற்பயிற்சி சொல்லித்தந்தாள். முருகேஸ்வரி சந்தைக்குக் காய் கொண்டு வருகிற நாளும் அதுதான். கூடையைக் காலியாக்கிவிட்டு, சேலைக்கு மேலே ஸ்வெட்டரும் காலில் ரப்பர் செருப்புமாக வந்து கடைசி வரிசையில் நின்றாள்.

"இதுவரைக்கும் எக்சர்சைஸ் பண்ணியிருக்கீங்களா?" சாக்கை ஓரமாக நகர்த்திவிட்டுக் கேட்டாள் ரெஜினா.

"இல்லீங்க."

"அப்ப பிகினர். சேர்ல இருந்து ஆரம்பிப்போம்."

நாற்காலியில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுந்திருக்க வேண்டும். அதில் என்ன இருக்கிறது என்று நினைத்தாள். கொஞ்ச நேரத்தில் தொடை நடுங்கியது. காலை மடக்காமல் இடுப்பை மட்டும் ஒடித்து நாள் முழுக்கப் பூண்டுப் பாத்தியில் களை எடுத்த உடம்பு அது. முழங்காலை மடக்கி எழ அதற்குத் தெரியவில்லை. ரெஜினா ஒரு குச்சியை அவள் முதுகுத்தண்டோடு ஒட்டிப் பிடித்துக் குனியச் சொன்னாள். குச்சிக்கும் முதுகுக்கும் நடுவில் கை நுழைகிற இடைவெளி விழுந்தது.

"இப்படி வளைஞ்சு தூக்கினா உங்க முதுகும் போயிடும்க்கா. அப்புறம் ரெண்டு பேரையும் ஒருத்தர் தூக்கணும். இடுப்பைப் பின்னால தள்ளுங்க. கதவை இடுப்பால சாத்துற மாதிரி."

அது அவளுக்குப் புரிந்தது. இரண்டு கையிலும் விறகு இருக்கும்போது அப்படித்தான் கதவைச் சாத்துவாள்.

"ஒரு நாள் செஞ்சா மறுநாள் ரெஸ்ட் எடுக்கணும். அப்பதான் சதைக்குப் பலம் ஏறும்."

"ரெஸ்டுன்னா?"

"சும்மா இருக்கிறது."

இந்த முறை ஹாலே சிரித்தது. லாட்ஜில் அறை கழுவுகிறவர்களும் ஓட்டலில் பாத்திரம் தேய்க்கிறவர்களும்தான் அங்கே அதிகம். ரெஜினாவும் சிரித்துவிட்டு, முட்டையாவது சாப்பிடுங்கள் என்றாள். வீட்டுக் கோழி இடுகிற முட்டை மலைச்சாமிக்குப் போய்க்கொண்டிருந்தது. படுக்கைப் புண் ஆற வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள்.

வீட்டில் சாக்கில் மண்ணை அள்ளிக் கட்டி, கட்டிலுக்கு எதிரே போட்டுப் பழகினாள். மலைச்சாமி முதல் நாள் கேலி செய்தான்.

"குஸ்திக்குப் போறியாமே. யாரையடி அடிக்கப் போற? கெடக்குறவனையா?"

"வாயை மூடிக்கிட்டுப் பாருங்க. முதுகு வளையுதான்னு சொல்லுங்க."

பார்த்தான். நாளாக ஆக அவனே வாத்தியார் ஆகிவிட்டான். "வளையுதுடி. மூச்ச விடு. தூக்கும்போது விடச் சொன்னாங்கள்ல?" விழுந்த பிறகு அவன் எதையும் இவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை. அவள் சாக்கில் இன்னும் கொஞ்சம் மண் போடும்போதெல்லாம் அவன் முகம் தெளிந்தது. அதற்காகவே வேகவேகமாகப் போட்டாள். ராத்திரியில் இடுப்பு கடுத்தது. தைலம் தேய்த்தால் வாசம் காட்டிக்கொடுக்கும் என்று அப்படியே படுத்துக்கொண்டாள்.

அறுவடை முடிகிற சமயத்தில் ரெஜினா அவளை ஹாலுக்கு நடுவில் கூப்பிட்டாள்.

"இன்னைக்கு சாக்கு வேணாம். என்னைத் தூக்குங்க."

பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். சொல்லித்தந்தபடியே முருகேஸ்வரி தன் முழங்கால்களை அவள் முழங்கால்களுக்கு முட்டுக் கொடுத்தாள். அவள் இடுப்பில் துணிப்பட்டையைச் சுற்றி இறுக்கிப் பிடித்தாள். இடுப்பைப் பின்னால் தள்ளினாள், மூச்சை விட்டாள், தூக்கினாள். ரெஜினா எழுந்து வந்தாள். அவளைத் திருப்பிப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தாள்.

எல்லோரும் கைதட்டினார்கள். சூசையம்மாள், "அடுத்து என்னையத் தூக்கு பாப்போம்," என்று தன் வயிற்றைத் தட்டிக் காட்டினாள். ரெஜினா மெல்லிய உடம்புக்காரி என்பதும், தூக்கியபோது அவளுடைய இரண்டு கால்களும் தரையை அழுத்தின என்பதும் அங்கே யாருக்கும் தோன்றவில்லை. ரெஜினாவுக்கும்தான்.

வேலுமணி ஊருக்குக் கிளம்ப மூட்டை கட்டிக்கொண்டிருந்த நாளில் முருகேஸ்வரி புருஷனைத் தூக்கினாள். அண்ணனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. மலைச்சாமிதான் வேண்டாம் என்றான்.

"முடிச்சுட்டுக் கூப்பிடு. நான் சேர்ல உக்காந்து கெடக்குறதப் பாத்து அண்ணன் வாயப் பொளக்கட்டும்."

பழைய சேலையை மடித்து அவன் இடுப்பில் சுற்றினாள். நாற்காலியின் சக்கரத்தைப் பூட்டினாள். முழங்காலுக்கு முழங்கால் முட்டுக் கொடுத்தாள். அவன் கைகள் அவள் தோளில் விழுந்தன.

"தூக்கவா?"

"தூக்குடி."

இடுப்பு, தொடை, மூச்சு எல்லாம் ஒன்றாக வேலை செய்தன. அவன் எழுந்தான். மரத்திலிருந்து விழுந்ததற்குப் பிறகு முதன்முறையாக அவன் முகம் அவள் முகத்துக்கு மேலே இருந்தது. எவ்வளவு உயரம் என்பதையே மறந்துபோயிருந்தாள்.

"ஏய், நிக்கிறேன்," என்றான்.

முழுப் பாரமும் அவள் மார்பில் வந்து நின்றது. அந்த உயரத்துக்குப் பாரம் வந்ததும் என்ன செய்வது என்று அவள் உடம்புக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். யோசிக்க அவளுக்கு நேரம் இல்லை. தலை தானாகத் தாழ்ந்தது. அவன் கக்கத்துக்குக் கீழே நுழைந்தாள்.

தலையில் சுமக்க அவன் மூட்டை இல்லை. அவள் தோளில் இருந்த அவன் பிடி போனது. மலைச்சாமி அவள் முதுகுக்கு மேலாகச் சரிந்து, கட்டில் விளிம்பில் இடித்துத் தரையில் விழுந்தான். காய்ந்த கம்பு ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

"வலிக்குதா? எங்க வலிக்குது?"

அவன் தன் காலைப் பார்த்தான். தொடை திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

"தெரியலடி," என்றான்.

வேலுமணி ஓடி வந்தார். அவளைத் திட்டவில்லை. தம்பியை வாரி எடுத்துக் கட்டிலில் போட்டுவிட்டு ஜீப்புக்குப் போன் செய்தார். திருப்பூர்ப் பயணம் சில நாள் தள்ளிப்போனது, அவ்வளவுதான். தொடை எலும்புக்குக் கம்பி வைத்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து மலைச்சாமியை நேராக இல்லத்துக்கே கொண்டுபோனார்கள்.

அடுத்த ஞாயிறு அவள் ஹாலுக்குப் போகவில்லை. சந்தையில் ரெஜினாவே தேடி வந்தாள். நடந்ததை முருகேஸ்வரி சொல்லச் சொல்ல அவள் முகம் வெளுத்தது.

"தப்பு என்னோடதுக்கா. கனமான ஆளை வச்சுப் பழக்கியிருக்கணும். தலையைக் குனியாதீங்கன்னு சொல்ல எனக்குத் தெரியாமப் போச்சு. திரும்ப முதல்லயிருந்து ஆரம்பிக்கலாம்க்கா. மெதுவா."

"யாரத் தூக்க டீச்சர்?"

யாரோ முட்டைக்கோஸ் விலை கேட்டார்கள். முருகேஸ்வரி அவர்கள் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இல்லத்துக்கு அவள் போனபோது மலைச்சாமி சுத்தமான சட்டையோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். புண் காய்ந்து வருவதாகச் சிஸ்டர் சொன்னார். சாப்பாட்டு மணி அடித்தது. நாற்காலியைத் தள்ள எழுந்தவளை நீலச்சட்டை போட்ட ஆள் தடுத்தார்.

"நீங்க உக்காருங்கம்மா. நாங்க பாத்துக்குவோம்."

உட்கார்ந்தாள். அவன் சாப்பிட்டுவிட்டு வந்தான். கீழே வெயில் அதிகம், ஸ்வெட்டரே தேவைப்படவில்லை என்றான். கோழியைப் பற்றிக் கேட்டான். பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னான்.

"இங்க ரெண்டு பேரு வந்து தூக்குறாங்க. பயமே இல்ல."

"சரி," என்றாள்.

"ஒவ்வொரு வாரமும் அலையாத. மாசத்துக்கு ஒருக்க வந்தாப் போதும்."

அதற்கும் சரி என்றாள். மேலே போகிற பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. இருந்தாலும் எழுந்துகொண்டாள்.