மாப்பிள்ளைக்கு மட்டும் பச்சையாக

அந்தக் குளிர்காலம் முழுக்க ஜொஹுரா வீட்டில் ஈச்சம்பதநீரைக் கொதிக்க வைத்துத்தான் குடித்தார்கள். மரத்தில் கட்டிய கலயத்தை வௌவால் நக்கிவிட்டுப் போகும், அதைப் பச்சையாகக் குடித்தால் நிபா காய்ச்சல் வரும், வந்தால் ஆள் தப்புவதே அரிது என்று சுகாதாரப் பணிப்பெண் தொண்டை வறளக் கத்திவிட்டுப் போயிருந்தாள். காய்ச்சலோடு புத்தி தடுமாறினால் உடனே பெரியாஸ்பத்திரி. பக்கத்தில் இருப்பவர் வாயையும் மூக்கையும் கட்டிக்கொள்ள வேண்டும், எச்சிலைத் தொடக்கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டியவள்தான் ஜொஹுரா.

ஆனால் விருந்துக்கு வந்திருப்பது மகள் பெலியின் புருஷன் தொஃபாயெல் அல்லவா? மார்கழிக் குளிரில் மாப்பிள்ளைக்குப் பச்சைப் பதநீர் கொடுக்காத மாமியார் ஃபரித்பூர்ப் பக்கம் உண்டா?

"என்ன மாமி, போன வருஷம் சொம்பு சொம்பா ஊத்துனீங்க. இப்ப வெந்நியக் காட்டி ஏமாத்துறீங்களே!"

"ஐயையோ, என் மானத்த வாங்காதீங்க மாப்பிள்ளை!"

பெலி குளத்துக்குப் போன நேரம் பார்த்து, அடுப்பில் ஊற்றுவதற்கு முன் ஒரு சொம்பு தனியாக எடுத்துக் கொடுத்தாள். "பெலிகிட்ட மூச்சு விடாதீங்க. என்னைப் பிச்சிருவா." அவன் ஒரே மடக்கில் குடித்துவிட்டு மீசையைத் துடைத்தான். அப்போது அவளுக்கு இருந்த பெருமையைக் கேட்க வேண்டுமா!

அவர்கள் ஊர் திரும்பிய கொஞ்ச நாளில், மாப்பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஆள் வந்தது. ஜொஹுரா அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினாள். தொஃபாயெல் பெலியையே யாரென்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"ஜின் பிடிச்சிருக்கு. மந்திரிக்க ஆள் வருது" என்றான் அவன் அண்ணன்.

என்ன நோய் என்று ஜொஹுராவுக்குத் தெரிந்துவிட்டது. பெலியோ அவன் தலையை மடியில் கிடத்தி, வாயில் வழிந்த நுரையைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தாள். சொன்னால் மருமகனுக்கு நஞ்சு கொடுத்தவள் என்பார்கள், மகளை வாழவிட மாட்டார்கள். வெறும் காய்ச்சலாகத்தான் இருக்கும் என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டு, வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு நின்றாள். அடிப்பாவி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

தொஃபாயெல் மௌத்தாகிப்போனான்.

அவனை அடக்கம் செய்த ஈரம் காயுமுன் பெலிக்கும் உடம்பு கொதித்தது. இந்த முறை ஜொஹுரா ஊரே கேட்கக் கத்தினாள். எல்லோரையும் விலக்கி, தானும் மூக்கைக் கட்டிக்கொண்டு, மகளை ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். தனி வார்டில், கட்டிலுக்குத் தள்ளி நின்று, அழுதபடியே எல்லாவற்றையும் சொன்னாள்.

"பச்சையா நான்தான்டி குடுத்தேன். அவரைப் பாத்ததுமே எனக்குப் புரிஞ்சிருச்சு. அப்பவே சொல்லியிருந்தா உன்னை அவர் பக்கத்துல விட்டிருக்க மாட்டேன்."

பெலி கண்ணைத் திறந்து தாயைப் பார்த்தாள். புத்தி இன்னும் தெளிவாகத்தான் இருந்தது.

"நீ விடாட்டியும் போயிருப்பேன்மா" என்றாள். "மூக்கைக் கட்டிக்கிட்டுப் போயிருப்பேன்."