இருட்டில் தட்டுப்பட்ட கை

மூன்று மணிக் காட்சிக்குத்தான் வருவேன் என்று நிர்மலா போனில் சொன்னபோது, அண்ணன் கிருஷ்ணப்பனும் அதையேதான் சொன்னார். பொழுது சாய்ந்து போனால் கூட்டம் குறைவாக இருக்கும் என்று ஓசூரில் வேலை பார்க்கும் அவர் மகன் அருள்குமார் எவ்வளவோ எடுத்துச் சொன்னான். இருவரும் அசையவில்லை. "அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் பிடிவாதத்துல ஒரு வித்தியாசமும் இல்ல" என்று அண்ணி சுகுணா சிரித்தாள்.

தர்மபுரியில் பொருட்காட்சித் திடலில் போட்டிருந்த பெரிய கருப்புக் கூடாரம் அது. உள்ளே சுவர், கூரை, தரை எல்லாவற்றிலும் ஒளியாலேயே படம் ஓடும். அதன் நடுவே நாம் நடந்து போகலாம். அருள்குமாரும் நிர்மலாவின் மகள் சங்கவியும் நாலு வார்த்தை பேசிக்கொள்ள இது ஒரு சாக்கு. சங்கவி பிறந்தபோதே பேசி வைத்த சம்பந்தம் அது. காட்சி முடிந்ததும் பக்கத்துத் தெருவில் சுகுணாவின் தங்கை வீட்டில் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்வதாக ஏற்பாடு. தேங்காய் பழத்தோடு சுகுணா வந்திருந்தாள்.

நிர்மலாவுக்கு இருட்டில் கண் தெரியாது. வெளிச்சத்திலும் பார்வை ஓரங்களில் மங்கி, ஒரு சின்ன வட்டமாகச் சுருங்கிக்கொண்டு வந்தது. வீட்டில் யாருக்கும் அவள் சொல்லவில்லை. சேலத்தில் கண் டாக்டர் ஒரு பெண். "பரம்பரையா வர்றது. உங்க அப்பா அம்மா சொந்தமா?" என்று கேட்டார். அப்பா, அம்மாவுக்குத் தாய்மாமன். "பொண்ண மட்டும் சொந்தத்துல குடுத்துடாதீங்க. கூடப்பொறந்தவங்களுக்கும் இருக்குதான்னு பாத்துக்குங்க" என்றார். நிர்மலா தலையாட்டிவிட்டு வந்தாள். அண்ணனிடம் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே.

உள்ளே காவிரி கொட்டியது. ஒகேனக்கல் அருவி நாலு பக்கமும் இறங்கி, காலடியில் நுரைத்து ஓடியது. "அம்மா, மேல பாரு, மீனு!" என்று சங்கவி கத்தினாள். நிர்மலா அண்ணாந்தாள். ஒரு வால் மட்டும் நழுவிப் போனது. மற்றவர்களுக்கு ஒரே வீச்சில் கிடைத்தது அவளுக்குத் துண்டு துண்டாக வந்தது: கொஞ்சம் நுரை, ஒரு பரிசலின் விளிம்பு, மகளின் காதுத் தோடு, எதற்கோ சிரிக்கும் அருள்குமாரின் பல்வரிசை. அவள் அவற்றைச் சேர்த்து ஓர் ஆறாக்கிக்கொண்டாள். அதில் ஓட்டையே தெரியவில்லை. கண் விட்டதையெல்லாம் மனசு எவ்வளவு நேர்த்தியாக நிரப்பிவிடுகிறது என்று நினைத்தபோது அவளுக்குச் சற்றுப் பயமாக இருந்தது. அண்ணனுக்கு ஒன்றுமில்லை என்று எண்ணிக்கொண்டதும் இப்படித்தானோ?

ஆறு சட்டென்று அணைந்தது.

"கீழ பச்சை லைட் எரியுதுங்க, அதைப் பாத்து அடுத்த ரூமுக்குப் போங்க" என்று ஒலிபெருக்கி சொன்னது. எந்த லைட்டும் அவளுக்குத் தெரியவில்லை. "நீ அத்தையோட போ, சங்கவி. நான் மெதுவா வரேன்" என்றாள். காலடிச் சத்தங்கள் விலகிப் போயின. சுவர்த் துணியைத் தடவிக்கொண்டே நகர்ந்தாள். எதிரிலிருந்து அதே சுவரைத் தடவிக்கொண்டு வந்த ஒரு கை அவள் விரல்களில் தட்டியது.

"யாருங்க?"

"நாந்தான் பாப்பா" என்றார் கிருஷ்ணப்பன்.

"இங்க என்னா பண்ற?"

"கூட்டம் போவட்டும்னுதான்."

அவர் ஓரடி வைத்தார். கால் விரலால் தரையைத் தொட்டுப் பார்த்து, அப்புறம் மெல்லப் பாதம் ஊன்றும் உரசல். அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். அது அவளுடைய நடை.

"அண்ணா, பச்சை லைட்டு எந்தப் பக்கம் இருக்குது?"

"ஏன், நீ பாத்துச் சொல்லேன்."

"எனக்குத் தெரியலண்ணா."

அவர் கை அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டது. பிறகு அவர் சிரித்தார். "அடிப்பாவி! நீயுமா? பொழுதெறங்குனா நான் வூட்ட வுட்டு நகர்றதில்ல. வண்டிய வித்துட்டன். உங்க அண்ணிகிட்ட முட்டி வலிங்கறன். நீ என்னா சொல்லி வெச்சிருக்கற?"

"தலவலி."

"அதான் ராத்திரி விசேசம் ஒண்ணுக்கும் வர்றதில்லயா? தங்கச்சிக்குத் திமிரு ஏறிப்போச்சுன்னு நெனச்சனே."

"நானும் உன்னைய அப்பிடித்தான் நெனச்சன்."

இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சின்ன வயதுக்குப் பிறகு அப்படிச் சேர்ந்து சிரித்ததாக அவளுக்கு நினைவில்லை. அண்ணன் அவள் கையைத் தட்டினார். "நல்லதாப் போச்சு பாப்பா. வெளிய குடுத்தா எவனாச்சும் கண்டுபுடிச்சு நாலு பேருகிட்ட பேசுவான். நமக்குள்ள கட்டிக்கிட்டா நம்மளோட போயிரும்."

அவள் சிரிப்பு நின்றது. எத்தனையோ பகல்களில் அவள் தனக்கே சொல்லிக்கொண்ட சமாதானம் அது. அவளுக்குள் இருந்தவரை அது புத்திசாலித்தனமாகத்தான் தோன்றியது. இன்னொருவர் வாயில் கேட்டபோது உடம்பு கூசியது.

"நம்மளோட போவாதுண்ணா. அருளுகிட்டயும் சங்கவிகிட்டயும் இது உள்ள ஒளிஞ்சிருக்கும். ரெண்டும் சேந்தா அவங்க புள்ளைங்களுக்கு வந்தாலும் வந்துரும். டாக்டரம்மா சொன்னாங்க."

"எப்ப?"

"ரெண்டு வருசமாச்சு."

"தெரிஞ்சுமா வெத்தல மாத்த வந்த?"

அவள் சுவர்த் துணியைப் பற்றிக்கொண்டாள். பிறகு தணிந்த குரலில், "சொல்லிடாத பாப்பா. கண்ணு தெரியாத கூட்டம்னு பேராயிடும். அந்தப் புள்ளைங்க மொகத்தப் பாத்தயில்ல?" என்றார்.

பார்த்திருந்தாள். தோடும் பல்வரிசையுமாக, துண்டு துண்டாகப் பார்த்திருந்தாள்.

"ரெண்டு பேரும் இங்க என்னா குசுகுசுன்னு?" சுகுணாவின் குரல் நெருங்கி வந்தது. "அங்க சாமந்தித் தோட்டமே பூத்துக் கெடக்குது. வாங்க, நேரமாவுது."

"அண்ணி, இன்னிக்கி வெத்தல மாத்த வேணாம்."

"என்னாடி இது? பொண்ணுக்குப் புடிக்கலயா?"

"புடிச்சிருக்குது. அதான் இப்பவே சொல்றன். எனக்கு இருட்டுல கண்ணு தெரியாது, அண்ணி. பரம்பரையா வர்றது."

அதோடு நிறுத்திக்கொண்டாள். மிச்சத்தை அவளே சொல்லிவிடலாம். ஆனால் அது அண்ணன் சொல்ல வேண்டியது. பக்கத்து அறையில் சங்கவி ஏதோ சொல்ல, அருள்குமார் உரக்கச் சிரிப்பது கேட்டது. அந்தச் சிரிப்பு அடங்கியதும் கிருஷ்ணப்பன் ஓரடி முன்னால் வந்தார்.

"சுகுணா" என்றார். "கையக் குடு. எனக்கும் ஒண்ணும் தெரியல."

வளையல் சத்தம் அண்ணன் பக்கம் நகர்ந்தது. பிறகு ஒரு கை வந்து நிர்மலாவின் மணிக்கட்டையும் பிடித்தது. கோபமான பிடி. வலித்தது. நிர்மலா கையை உருவிக்கொள்ளவில்லை.

"நடங்க ரெண்டு பேரும்" என்றாள் சுகுணா. "மொதல்ல அந்தப் புள்ளைங்களக் கூப்புட்டு ஒக்கார வெச்சுச் சொல்லணும்."