தர்ஷனாவின் இடது பக்கம்

என் வீட்டுக்காரருக்கு கினிகத்தேனையில் ஃபைபர் பட்டறையில் வேலை. கை கழுவும் பேசினோ தண்ணீர்த் தொட்டியோ, அச்சு செய்வதற்கு முன் கம்ப்யூட்டரில் வளைகோடுகளாக வரைந்து கொடுப்பார். பாதியைத்தான் வரைவார். அந்தக் கோடுகளைப் பிரதி எடுத்து மறுபக்கம் திருப்பி வைத்தால் முழுப் பேசின் வந்துவிடும். சோம்பேறி வேலை என்று நான் கேலி செய்வேன்.

எங்கள் மகள் தர்ஷனா காய்ச்சலில் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. நாலு வயதுகூட நிரம்பாத பிள்ளை. கேமராவைக் கண்டால் ஓடிவிடுவாள். ஹட்டன் ஸ்டூடியோவில் எடுத்த ஒரே படத்திலும் பலூனைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். வலது கன்னம் மட்டும்தான் தெரிகிறது. அதைப் பார்த்து முகத்தை வரைந்து, திவசத்துக்குள் சிலையாக வார்த்துவிட வேண்டும் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றார். பட்டறைக் கம்ப்யூட்டரை வீட்டுக்கே தூக்கிவந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கூப்பிட்டார்.

"ரோகினி, இங்க வந்து பாரு. நம்ம புள்ள வந்துட்டா."

அவள் போனபிறகு அன்றுதான் அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

திரையில் ஒரு பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தது. மூக்கு அவளுடையது. வலது கன்னத்துக் குழி அவளுடையது. அதே குழி இடது கன்னத்திலும் இருந்தது.

நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போயிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா?

"இது யாருங்க? தர்ஷனா சிரிச்சா வாய் கோணிக்குமே. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி சிரிக்கிற புள்ளய நான் பெக்கலீங்க."

அவர் முகம் செத்துவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரவைத்தார்.

"சரி, இடது பக்கம் எப்படின்னு சொல்லு. மாத்திப்புடலாம்."

"உதட்ட கொஞ்சம் மேல."

இழுத்தார்.

"இல்லீங்க, இவ்வளவு இல்ல."

இறக்கினார். கன்னமா, கண்ணோரமா என்று கேட்டுக் கேட்டு மாற்றினார். மாற்ற மாற்ற அது வேறு வேறு பிள்ளையாயிற்று. ஒரு தடவை என் நாத்தனார் மகள் போல இருந்தது, ஒரு தடவை யாரோ போல. அவளை இடுப்பை விட்டு இறக்காமல் திரிந்தவள் நான். அந்தக் கோணல் எப்படி என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"நல்லா யோசிச்சுச் சொல்லு" என்றார், அழுகிற குரலில். "ஒனக்குத்தானே தெரியும்?"

யோசிக்கத்தான் கண்ணை மூடினேன். இத்தனை நாளும் கண்ணை மூடினால் போதும், தர்ஷனா வந்துவிடுவாள். இப்போது கம்ப்யூட்டர் பிள்ளை வந்து நின்றது.

"ஆப் பண்ணுங்க அத!" என்று கத்தினேன்.

ஆப் பண்ணினார். மறுபடியும் கண்ணை மூடினேன். அதுதான் நின்றது.