விரிப்பின் மறுமுனை

எங்கள் ஓட்டலில் இருநூறு அறைகள். அத்தனை அறைகளின் படுக்கை விரிப்புகளும் கீழ்த்தளத்தில் இருக்கும் சலவைப் பிரிவுக்குத்தான் வரும். துவைக்க இயந்திரம் உண்டு, தேய்க்க இயந்திரம் உண்டு. மடிக்க மட்டும் ஆள் வேண்டும், அதுவும் இரண்டு பேர். ஆளுக்கொரு முனையைப் பிடித்து உதறி, நான்கு எட்டு முன்னால் வந்து மூலையோடு மூலை சேர்த்து, ஒருத்தி குனிந்து மடிப்பை எடுக்க வேண்டும். ஆறு வருடமாக என் விரிப்பின் மறுமுனையில் நிதானம் அக்காதான் இருந்தார்.

நிதானம் என்பது நாங்கள் வைத்த பெயர். அவர் அவசரப்பட்டு யாரும் பார்த்ததில்லை. பதினோரு வருடமாக அவருக்கு இடுப்பிலும் முதுகிலும் வலி. "டாக்டருங்க அதுக்கு நீளமா ஒரு பேரு வெச்சிருக்காங்க. பேரு வெச்சதோட அவங்க வேலை முடிஞ்சுது," என்பார். விரிப்பை ஒரு தடவை உதறினால் போதும், அன்றைக்கு அவருக்கு எப்படி இருக்கிறதென்று என் கைக்குத் தெரிந்துவிடும். நல்ல நாளில் துணி விறைப்பாக நிற்கும், மோசமான நாளில் நடுவில் தொய்யும்.

ஆனால் எந்த நாளானாலும் அவருடைய கணக்கு மாறாது. இருபது விரிப்பு மடித்ததும் ஜன்னல் வரை ஒரு நடை. சுவரில் கையை ஊன்றி முதுகை நீட்டி மடக்குவார். சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் எல்லோரும் கால் நீட்டி ஊர்க்கதை பேசும்போது, அவர் நீள நடைபாதையில் பன்னிரண்டு சுற்று நடப்பார். பதினொன்று கிடையாது, பதிமூன்றும் கிடையாது.

"இன்னைக்குதான் நல்லா இருக்கீங்களேக்கா, ஜன்னல் பக்கம் போகாம மடிச்சா சீக்கிரம் முடிச்சிடலாமே?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"இன்னைக்கு நல்லா இருக்குன்னு ஆடினா நாளைக்குப் படுத்துடுவேன். நாளைக்குப் படுத்தா, மறுநாள் எழுந்திருக்கவே பயம் வந்துடும். வேணாம்டி."

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் ஒரு வேலையை எடுத்தால் மூச்சு விடாமல் முடிக்கிறவள். அடுத்தவருக்கு உதவி செய்வதிலும் அப்படித்தான். யாரும் கேட்காமலே செய்வேன், நிறைய பேருக்கு அதுதான் பிரச்சினை.

சென்ற மழைக்காலத்தில் ஒரு மதியம், தண்ணீர் பிடிக்க நடைபாதைக்குப் போனேன். அக்கா நடந்துகொண்டிருந்தார். ஒரு கை சுவரில். கண்ணிலிருந்து தண்ணீர் தாரை தாரையாக வழிந்துகொண்டிருந்தது. துடைக்கக்கூட இல்லை. என்னைப் பார்த்ததும், "ஒன்பது," என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார்.

என்னால் தாங்க முடியவில்லை. நேராக மேற்பார்வையாளரிடம் போனேன். சீருடை கவுண்டரில் இருந்த அம்மா ஓய்வு பெற்றுப் போயிருந்த சமயம் அது. ஊழியர்களிடம் டோக்கனை வாங்கிக்கொண்டு சீருடை எடுத்துக் கொடுக்கிற வேலை. நாள் முழுக்க நாற்காலி. அதை அக்காவுக்குக் கொடுங்கள் என்று மன்றாடினேன். "உனக்கு நல்ல மனசும்மா," என்றார் அவர். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மறுநாள் உத்தரவு வந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். அக்காவின் முகம் மட்டும் சுண்டிப்போனது.

"யாரு கேட்டா இத?"

நான்தான் கேட்டேன் என்று சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. சம்பளம் அதே சம்பளம், கஷ்டம் இல்லாத வேலை, மேலிடத்திலிருந்து வந்த உத்தரவு. மறுக்க அவரிடம் எந்தக் காரணமும் இல்லையென்று எல்லோரும் நினைத்தோம்.

கவுண்டரில் எப்போதும் வரிசை நிற்கும், எழுந்து நடக்க வழியில்லை. சாப்பாட்டு நேரத்தில்தான் கூட்டம் அதிகம். முதல் வாரம் முடிவதற்குள் அவர் படியை விட்டுவிட்டு மின்தூக்கியில் வர ஆரம்பித்தார். இரண்டாவது வாரம் நாற்காலியிலிருந்து எழ மேசையை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது. நான்காவது வாரம் வேலைக்கே வரவில்லை. மூன்று நாளாயிற்று, ஐந்து நாளாயிற்று.

அவர் வீட்டுக்குப் போனேன். இரண்டாவது மாடியில் சின்னதாக இரண்டு அறை. கதவைத் திறந்தவர் அவருடைய வீட்டுக்காரர், தையல் கடை வைத்திருப்பவர். கழுத்தில் அளவு நாடா தொங்கியது.

"வாம்மா," என்றவர் குரலைத் தணித்துக்கொண்டார். "வலி எப்பவுமே இருந்துச்சு. ஆனா அவளும் இருந்தா. இப்ப வலி மட்டும்தான் இருக்கு."

உள்ளே அக்கா கட்டிலில் இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். அதற்கே ஒரு நிமிடம் ஆனது. நான் தாங்கிப் பிடிக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டார். கட்டிலிலிருந்து சமையலறை வாசல் வரை போய்த் திரும்பினார். மறுபடியும் போனார், மறுபடியும். நெற்றியெல்லாம் வியர்வை.

"மூணு," என்று உட்கார்ந்தார். "பன்னெண்டுல இருந்து மூணுக்கு வந்துட்டேன். பரவாயில்ல, திரும்ப ஏறிடலாம். இதுக்கு முன்னாடியும் ஏறியிருக்கேன். ஆனா அந்த நாற்காலில உட்கார்ந்துக்கிட்டு ஏற முடியாது. திங்கக்கிழமை வேலைய விட்டு நிக்கறேன்னு எழுதிக் குடுத்துடப் போறேன்."

"நான்தான்க்கா சார்கிட்ட கேட்டேன்," என்றேன். "நீங்க அன்னைக்கு அழுதுட்டே நடந்தீங்க. எனக்குத் தாங்கல."

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை, கேட்டார்.

"ஆறு வருஷமா எனக்கு எதிர்ல நிக்கற. நான் அழுதது மட்டும்தான் உன் கண்ணுல பட்டுதா? ஒன்பதாவது சுத்துடி அது. அன்னைக்கு எனக்கு ரெண்டாவதுலயே உயிர் போச்சு. அதுக்கப்புறம் ஏழு சுத்து நடந்திருக்கேன். அதுல உனக்கு ஒண்ணுமே தெரியலையா?"

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவர் ஆறு வருடமாகச் செய்துகொண்டிருந்தது ஒரு பெரிய காரியம். மலை ஏறுகிறவனுக்கு மாலை போடுகிறார்கள். இவருக்கு நான் நாற்காலி போட்டேன்.

மறுநாள் காலை மேற்பார்வையாளரின் அறைக்குப் போய் நின்றேன். விஷயத்தைக் கேட்டதும் அவர் பேனாவைத் தூக்கிப் போட்டார்.

"ஏம்மா, போன மாசம் நாற்காலி வேணும்ன, இப்ப வேணாம்ங்கற. நான் என்ன பொம்மை விளையாட்டா விளையாடறேன்? கவுண்டர்ல வேற யாரு உட்காருவா?"

"நான் உட்கார்றேன் சார்."

"நீயா?" அவர் சிரித்துவிட்டார். "உன்னால பத்து நிமிஷம் ஒரு இடத்துல இருக்க முடியுமா?"

"முடியாது சார். இருந்துக்கறேன்."

ஒரு மாதம் பார்க்கலாம் என்றார். அக்காவுக்கு அரை நாள் மடிப்பு, மீதி நேரம் துண்டு அடுக்குவது. நடக்கிற நேரத்துக்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது என்று நான் இன்னொன்றையும் கேட்டேன். போ வெளியே என்றார். ஆனால் அதையும் எழுதிக்கொண்டார்.

அக்காவுக்குச் செய்தி சொன்னபோது, "எனக்காகத் தியாகமெல்லாம் பண்ணாத," என்றார்.

"தியாகம் இல்லக்கா, தண்டனை."

அன்றைக்குத்தான், பல நாளைக்குப் பிறகு, அவர் சிரித்துப் பார்த்தேன்.

திங்கட்கிழமை அவர் எழுதிக் கொடுக்கவில்லை, வேலைக்கு வந்தார். முதல் நாள் எட்டு விரிப்புக்கு ஒரு தடவை ஜன்னல் வரை நடை. புதிதாக ஜோடி சேர்ந்தவள் காத்து நின்றாள், காத்து நிற்கச் சொல்லி நான் மிரட்டி வைத்திருந்தேன். அடுத்த வாரம் பத்து. அதற்கடுத்த வாரம் ஒரு மோசமான நாள் வந்தது. அன்றும் பத்துதான், ஒன்றுகூடக் குறையவில்லை. வலி போகவில்லை. போகும் என்று அவரும் நினைக்கவில்லை. எனக்குத்தான் உட்கார்ந்து உட்கார்ந்து முழங்கால் பிடித்துக்கொண்டது.

மாதக் கடைசியில் ஒரு காலை. கவுண்டருக்கு எதிரே மின்தூக்கி. அதன் வாசலில் இரும்புப் பட்டை ஒன்று சற்றே மேடாக இருக்கும். அக்கா மடித்த விரிப்புகள் நிறைந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். முன் சக்கரம் பட்டையில் இடித்து நின்றது. இடித்த வேகம் அவர் முதுகுக்குப் போனது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டார். என் கை தானாகவே மேசையை ஊன்றியது, பாதி எழுந்துவிட்டேன்.

கஷ்டப்பட்டு உட்கார்ந்தேன். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

வரிசையில் முதலில் நின்ற சமையல்காரர் பதறினார். "ஐயோ பாவம், நான் போய்த் தள்ளி விட்டுட்டு வர்றேன்."

"டோக்கனக் குடுங்க," என்றேன்.

"இல்லம்மா, அவங்களால முடியல பாருங்க…"

"நின்ன இடத்துலயே நில்லுங்க. உதவி வேணும்னா அவங்களுக்கு வாய் இருக்கு, கேப்பாங்க."

வரிசை முழுக்க என்னை ஒரு ராட்சசியைப் பார்ப்பதுபோல் பார்த்தது. அக்கா கண்ணைத் திறந்தார். வண்டியை இரண்டடி பின்னால் இழுத்தார், பாதத்தை மாற்றி வைத்தார், மூச்சை விட்டுக்கொண்டே தள்ளினார். சக்கரம் பட்டையில் ஏறி உள்ளே இறங்கியது. கதவு மூடும்வரை அவர் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நான் அழுதுகொண்டே சமையல்காரருக்குச் சீருடை எடுத்துக் கொடுத்தேன்.