சண்டைக்காரியைத் தூக்கிய கிரேன்

விபத்தில் நொறுங்கிய கார்களைத் தூக்கிப்போவதுதான் கிரேன்காரரின் பிழைப்பு. உயிருள்ள எதையும் அவர் கிரேன் அதுவரை தூக்கியதில்லை. காலை எட்டரைக்கு, அவர் அண்ணி என்று கூப்பிடும் மனைவியின் அக்கா போன் செய்து, "தம்பி, வண்டியோட உடனே வாங்க, குதிரை விழுந்துடுச்சு" என்றபோது, அவருக்கு முதலில் சிரிப்புதான் வந்தது.

கைவிடப்பட்ட பிராணிகளுக்காக அண்ணி நடத்திவந்த பண்ணையின் கேட்டைக் கிரேன்காரர் தாண்டியதே கிடையாது. நாய் என்றால் அவருக்குத் தொடை நடுங்கும். அங்கே இருந்ததோ இருபத்தாறு நாய். பள்ளிக்கூட ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு, பதினோரு குதிரைக்கு லத்தி அள்ளும் அண்ணியைப் பற்றிப் பேச்சு வந்தால், "கிறுக்கு முத்திப்போச்சு" என்பார். மனைவி முறைத்தால் தட்டைப் பார்த்துக் குனிந்துகொள்வார்.

போய்ப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. யாரைக் கண்டாலும் கடிக்க வருவதால் சண்டைக்காரி என்று பேர் வாங்கிய கிழட்டுக் குதிரை, வேலியோரம் சேற்றில் சாய்ந்து கிடந்தது. அண்ணி அதன் தலையை மடியில் தாங்கி, கண்ணில் வெயில் படாமல் துணியைப் பிடித்திருந்தார். விடிந்ததிலிருந்து அப்படியேதானாம்.

"இன்னும் ரெண்டு மணி நேரம் இப்படியே கிடந்தா நெஞ்சு தாங்காதும்மா. ஊசி போட்டு நிம்மதியா அனுப்பிடலாம்" என்றார் கால்நடை டாக்டர்.

"இதால இனி நிக்கவே முடியாதுன்னு சொல்லுங்க, சம்மதிக்கிறேன். தூக்க ஆள் இல்லாத ஒரே காரணத்துக்காக இது சாகக் கூடாது டாக்டர். அதுக்குத்தான் தம்பியை வரச் சொன்னேன்."

டாக்டர் மறுபடியும் நாலு கால்களையும் தடவிப் பார்த்தார். "எலும்பு முறியல" என்று ஒப்புக்கொண்டார்.

வயிற்றுக்கடியில் மெத்தை விரிப்பைத் திணித்து, அதன்மேல் கிரேன் பெல்ட்டைச் சுற்றினார்கள். கிரேன்காரர் கொக்கியை மாட்டிவிட்டு அண்ணியைப் பார்த்தார். "கார்னா கீறல் விழுந்தா பெயிண்ட் அடிச்சுக்கலாம் அண்ணி. இதுக்கு?"

"இதோட மூச்சு எனக்குத் தெரியும் தம்பி. நான் கையைத் தூக்கினா தூக்குங்க, இறக்கினா நிறுத்துங்க."

அங்குலம் அங்குலமாகத் தூக்கினார். பாதியில் குதிரை மிரண்டு தலையை வீசியது. அடி அண்ணியின் தோளில் பலமாக விழுந்தது. அவர் கடிவாளத்தை விடவில்லை. உயர்த்திய கையும் இறங்கவில்லை. 'இந்த மனுஷியையா கிறுக்குன்னு சொன்னேன்' என்று கிரேன்காரருக்கு வெட்கமாகிவிட்டது.

தூக்கி நிறுத்தியும் மரத்துப்போன கால்கள் துவண்டன. மூன்று பேரும் சாக்குத் துணியால் தேய்த்தார்கள். தேய்த்த வேகத்தில், தன்னைச் சுற்றி ஏழெட்டு நாய்கள் உட்கார்ந்திருந்ததைக்கூடக் கிரேன்காரர் கவனிக்கவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து அவர் கண்ணில்தான் அது முதலில் பட்டது. பெல்ட் தொய்ந்திருந்தது.

"அண்ணி, எடை என் கிரேன்ல இல்ல! அதுவே நிக்குது!"

அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத அண்ணி, அப்போதுதான் குதிரையின் கழுத்தில் முகம் புதைத்து அழுதார். பெல்ட்டை அவிழ்க்கப் போன கிரேன்காரரின் சட்டையைச் சண்டைக்காரி கடித்துக் கிழித்தது. டாக்டர் கைதட்டிச் சிரித்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிரேன்காரர் யாரும் கூப்பிடாமலே போய், லாயத்தின் குறுக்கே இரும்புச் சட்டம் பொருத்திச் சங்கிலிக் கப்பி மாட்டினார். இனி எந்தக் குதிரை விழுந்தாலும் அண்ணி ஒருவரே தூக்கிவிடலாம். அப்புறமும் வாரம் தவறாமல் போனார். கப்பிக்கு எண்ணெய் போட என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டு.