போனை உறங்க விடாத மூன்று நாள்

சுமை தூக்கி வலிக்கிற இடுப்பு ஒரு தினுசு. தூக்குவதற்குச் சுமை கிடைக்காமல் வலிக்கிற இடுப்பு வேறு தினுசு. முதல் வலிக்கு வெந்நீர் போதும். வேதசிரோமணிக்கு வந்திருந்தது இரண்டாவது வலி. ராஜபாளையம் தென்காசி ரோட்டில், பஞ்சு குடோன் வாசலில் இருந்த வேப்பமரத்தடியில் விடிந்ததிலிருந்து குத்தவைத்து, கால் மரத்து, எழுந்து நின்று, திரும்பவும் குத்தவைத்து, அந்த வலியை வளர்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பேல் இழுக்கிற கொக்கி சும்மா கிடந்தது.

கண் முன்னால் லாரி நின்றது. பலகை போட்டுப் பஞ்சுப் பேல்களை உருட்டி இறக்கிக்கொண்டிருந்தது ஸ்ரீவில்லிபுத்தூர் சுமைகூலிச் செட்டு. அவர் செட்டு காலமெல்லாம் இறக்கிய குடோனில் மினி வேனில் வந்து குதித்து வேலையை அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன அண்ணாச்சி, நெழலு சொகமா இருக்கா?" என்றான் அந்தச் செட்டின் தலைவன் ஸ்டெபின், லாரி மேலிருந்து.

"ஒன் வேலையப் பாருலே."

"அதத்தான பாக்கேன். ஒங்க வேலையையும் சேத்துல்லா பாக்கேன்."

லாரி மேலிருந்த எல்லோரும் சிரித்தார்கள்.

முன்னெல்லாம் மேனேஜர் வைகுண்டராஜ் வாசலுக்கு வந்து கை தட்டுவார். இப்போது வாட்ஸ்அப் குரூப். செட்டுத் தலைவர்கள் மட்டும் அதில் உண்டு. லோடு வந்தால் போடுவார். முதலில் 'வாரோம்' என்று பதில் போடுகிற செட்டுக்கு வேலை. வேதசிரோமணியின் பதில் ஒருநாளும் முதலில் போய்ச் சேர்ந்ததில்லை. சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து அமுக்கினால்தான் மெசேஜெல்லாம் கொத்தாக வந்து விழும். எல்லாம் ஆறிப்போன மெசேஜ்.

அன்று, புதன்கிழமை காலை, வைகுண்டராஜ் கேட்டருகே வந்து முடிவாகச் சொல்லிவிட்டார்.

"சனிக்கிழமைக்குள்ள ஒரு லோடாவது நீங்க மொதல்ல பிடிக்கணும் வேதம். இல்லன்னா குரூப்ல இருந்து எடுத்திருவேன்."

"சார், நான் இங்கனதான உக்காந்திருக்கேன். வாயால ஒரு சத்தம் குடுத்தா வந்திருவேனே."

"எல்லாருக்கும் ஒரே சட்டம்தான்."

எடுத்துவிட்டால் அவர் வீட்டில் மட்டும் இல்லை, செட்டில் உள்ள ஆறு வீட்டிலும் உலை ஏறாது.

போனில் பேசுவதற்கு மட்டும்தான் காசு போட்டிருந்தார் வேதசிரோமணி. நெட்டுக்கு எதிர்த்தாற்போல் இருந்த நைனா முகமதுவின் டீக்கடை வைஃபைதான். பாஸ்வேர்டை நைனா யாருக்கும் சொல்லமாட்டார். போனை வாங்கித் தன் கையாலேயே அடித்துக் கொடுப்பார். "டீயோட இதையும் சேத்துக் குடியும்" என்பார்.

அன்றைக்கு அந்த டீக்கடைக்குத்தான் வேதசிரோமணி விறுவிறுவென்று போனார். கேட்காமலே டீ வந்தது.

"பாய், கரண்டு மிச்சம் பிடிக்கீரோ?"

"என்னது?"

"நெட்டை அமத்தி அமத்திப் போடுதீரான்னு கேக்கேன். என் போனுக்கு ஒண்ணும் வரமாட்டேங்கு. வில்லிபுத்தூர்க்காரன் ஒமக்கு எம்புட்டுக் குடுத்தான்?"

பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நைனாவின் கை டீ ஆற்றுவதை நிறுத்தியது.

"வேதம், வார்த்தையப் பாத்து விடும்."

வேதசிரோமணி டம்ளரைத் தூக்கினார். ஒரு வாய்கூடக் குடிக்காமல் டீயை ரோட்டில் கொட்டினார். டம்ளரை பெஞ்சில் கவிழ்த்துவிட்டு வந்துவிட்டார்.

மரத்தடியில் அவர் செட்டுக்காரன் சங்கரலிங்கம் போனில் கபடி பார்த்துக்கொண்டிருந்தான். வேலைக்குக் கள்ளன் இல்லை, ஆனால் கண்ணிலிருந்து போனை எடுக்கமாட்டான். அதற்காக வேதசிரோமணியிடம் வாங்காத ஏச்சில்லை. 'சும்மா இருக்கும்போது போனையும் ஒறங்க விடுங்கலே, சார்ஜ் நிக்கும்' என்பது அவர் செட்டுக்குப் போட்ட சட்டம்.

"அண்ணாச்சி, ஒண்ணு சொன்னா அடிக்க வரக்கூடாது."

"சொல்லித் தொலை."

"நீங்க அங்க கத்துனப்ப எனக்குக் கபடி ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. அதே வைஃபை. ஒரு ரைடுகூட நிக்கல."

வேதசிரோமணிக்குச் செவிட்டில் அறைந்ததுபோல் இருந்தது.

இரண்டு போனையும் துண்டு விரித்து அடுத்தடுத்து வைத்தார்கள். அவர் போனின் திரை இருண்டு செத்த நேரம் ஆனதும் சங்கரலிங்கம் தன் போனிலிருந்து ஒரு மெசேஜ் அனுப்பினான். சத்தம் இல்லை. அமுக்கி எழுப்பினார்கள். வைஃபை அடையாளம் மெதுவாகத் தலை தூக்கியது, பிறகு மெசேஜ் வந்தது. திரும்பச் செய்தார்கள், திரும்பவும் அதே கதை.

"ஒறங்குது அண்ணாச்சி. கண்ண மூடுனதும் நெட்ட விட்டுருது."

சார்ஜ் நிற்பதற்காக அவரே போட்டு வைத்திருந்த பேட்டரி சேவரை அணைத்துப் பார்த்தார்கள். செட்டிங்கில் தேடிப் பார்த்தார்கள். பழைய போன். எதற்கும் மசியவில்லை.

"அப்ப அத ஒறங்க விடாத" என்றார் வேதசிரோமணி.

பலகை பிடிக்க முறை வைப்பதுபோல் முறை வைத்தார்கள். ஒருவன் கையில் போன். திரை மங்கும்போதெல்லாம் கட்டைவிரலால் ஒரு தடவு. கை ஓய்ந்தால் அடுத்தவன். ரோட்டில் போனவர்கள், "என்னவே, போனுக்கு எண்ணெ தேச்சு விடுதீயளா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். வேதசிரோமணி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எதிர்த்த கடைப் பக்கம் திரும்பவும் இல்லை. கொட்டிய டீ அந்த இடத்தில் காய்ந்து, ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகும் நைனா பாஸ்வேர்டை மாற்றவில்லை. திரையில் வைஃபை அடையாளம் அசையாமல் நின்றது.

வியாழனும் வெள்ளியும் லோடே வரவில்லை. சனிக்கிழமை மத்தியானம் சோற்றுப் போசியை மூடும்போது போன் சிவப்புக் கோட்டுக்கு இறங்கிவிட்டது. உறங்காத போன் சார்ஜை எத்தனை நேரம் பிடித்து வைக்கும்? பிளக் இருந்தது டீக்கடையில் மட்டும்தான்.

"நீ போலே" என்றார் சங்கரலிங்கத்திடம்.

"நீங்க வாங்களேன்."

"போன்னா போ."

மரத்தடியிலிருந்தே பார்த்தார். சங்கரலிங்கம் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னான். நைனா போனைப் பார்த்தார். ரோட்டுக்கு இந்தப் பக்கம் வேதசிரோமணியைப் பார்த்தார். பிறகு டிவி பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் சார்ஜரைச் சொருகினார். போனைச் சங்கரலிங்கத்திடம் கொடுக்கவில்லை. அவர் குரல் ரோட்டைத் தாண்டிக் கேட்டது.

"பழி என் நெட்டு மேலல்லா கெடக்கு? நானே பாத்துக்கிடுதேன், ஒறங்குறது எதுன்னு."

ஒரு டீ ஆற்றுவார், விரலைத் துண்டில் துடைப்பார், திரையைத் தடவுவார். அடுத்த டீ. வேதசிரோமணி மரத்தடியிலிருந்து அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெயில் சாயத் தொடங்கிய நேரம் நைனாவின் கை சட்டென்று நின்றது. போனருகே குனிந்தார். சர்க்கரை ஒட்டிய கட்டைவிரலால் நாலு தட்டுத் தட்டினார். சார்ஜரைப் பிடுங்கினார். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ரோட்டு நடுவில் வந்து, வந்த டவுன் பஸ் பிரேக் போட, போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார்.

"வேதம்! ரெண்டு லாரி! வாரோம்னு போட்டாச்சுவே! ஒம்மதுதான் மொதல்ல!"

வேதசிரோமணிக்கு இடுப்பு வலி எங்கே போனது என்று தெரியவில்லை. கொக்கியை எடுத்தவர் ஓடினார். மரத்துக்குப் பின்னால் படுத்திருந்த செட்டுக்காரர்களும் துண்டை உதறிக்கொண்டு ஓடினார்கள். வைகுண்டராஜ் கேட்டில் போனும் கையுமாக நின்றார்.

"பரவால்லையே வேதம்! நான் போட்டுக் கைய எடுக்கல, பதில் வந்திருச்சு."

லாரிகள் உள்ளே வரும்போதே மினி வேனும் வந்து நின்றது. எப்போதும் நமக்குத்தானே என்கிற நினைப்பில் 'வாரோம்' என்று போட்டதோடு, முந்தியது யார் என்று பார்க்காமலே ஸ்டெபின் கிளம்பிவிட்டான். கேட்டுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தான்.

"நெட்டு பேக்கு போட்டீயளோ அண்ணாச்சி?"

"இல்லலே. முழிச்சிருந்தோம்."

"வந்தது வந்தீய, ஒரு கிலோ பால்கோவா கொண்டாந்திருக்கலாம்ல" என்றான் சங்கரலிங்கம் லாரி மேலிருந்து. "செத்த நேரம் அந்த நெழல்ல உக்காருங்க. சொகமா இருக்கும்."

வேன் திரும்பிப் போனது. இந்தத் தடவை லாரி மேல் சிரித்தது இவர்கள்.

அன்று அவர்கள் பேல் இறக்கியதைப் பார்த்திருக்க வேண்டும். கொக்கி விழுந்த இடத்தில் பேல் அசைந்தது. அசைந்த பேல் பலகையில் நிற்காமல் ஓடியது. 'ஏ போடு', 'ஏ தள்ளு' என்ற சத்தத்தில் குடோன் தகரம் அதிர்ந்தது. பஞ்சுத் தூசி வேர்வையில் ஒட்டி, ஆறு பேரும் வெள்ளை அடித்த சுவர்போல் ஆனார்கள். இருட்டுவதற்குள் இரண்டு லாரியும் காலி. "குரூப்ல இருங்க வேதம். திங்கக்கிழமையும் லோடு இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார் வைகுண்டராஜ்.

எல்லோருமாக டீக்கடைக்குப் போனார்கள். நைனா வரிசையாக டீ கொடுத்தார். வேதசிரோமணியின் டம்ளரைக் கடைசியாக, கையில் தராமல், பெஞ்சில் வைத்தார். பக்கத்தில் போனையும் வைத்தார்.

வேதசிரோமணி ஒரு சொட்டு விடாமல் குடித்தார். சங்கரலிங்கம் முழங்கையால் அவர் விலாவில் இடித்தான். அவர் வாயைத் திறந்தார். வந்தது வேறு பேச்சு.

"டீ நல்லாருக்கு பாய்."

"அது எப்பவும் நல்லாத்தான் இருக்கும்" என்றார் நைனா, அடுத்த டம்ளரைக் கழுவிக்கொண்டே.

வீட்டுக்கு நடக்கும்போது இடுப்பு வலித்தது. முதல் தினுசு வலி. அதற்கு வெந்நீர் போதும். டீக்குக் காசு கொடுத்தாயிற்று. கொட்டிய டீக்கும் சேர்த்தே கொடுத்தாயிற்று. நைனா முகமதுவுக்கு வேதசிரோமணி ஒரு மன்னிப்பு கேட்க வேண்டும். அதை அவர் இன்னும் கேட்கவில்லை.